வரைய உட்கார்ந்தால் ஒன்றுமே தோன்றவில்லை: மதுரைப் பக்கத்து ஆட்கள் எங்கிருந்து ஆரம்பிக்கிறீர்கள்?

பேரையூர்ப் பென்சில்:

வணக்கம். பகலில் திருமங்கலத்தில் கணக்கு எழுதும் வேலை. இரவு வீடு அடங்கிய பிறகு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு உட்காருவேன். ஐபிஸ் பெயிண்டில் ஏதாவது வரைவது, மனசு வந்தால் ஒரு சிறுகதை. இரண்டுமே பொழுதுபோக்குதான். காசு பார்க்கும் எண்ணம் இல்லை.

கை ஓரளவு பழகிவிட்டது. லேயர், பிரஷ், நிழல் எல்லாம் யூடியூப் பார்த்தே கற்றுக்கொள்ள முடிகிறது. என்ன வரைவது என்பதில்தான் சிக்கல். வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, கடைசியில் இன்ஸ்டாகிராமில் எங்கோ பார்த்த ஒரு பெண் முகம், பின்னால் நிலா என்று முடிகிறது. கதையும் அப்படியே. ஏதோ ஒரு பெருநகரத்துக் காபி ஷாப்பில் இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். அந்த மாதிரி காபி ஷாப்புக்குள் நான் போனதே இல்லை.

டுடோரியல் லிங்க் வேண்டாம். நீங்கள் ஒரு படத்தையோ கதையையோ எங்கிருந்து தொடங்குகிறீர்கள்? 'கோபுரத்தை வரை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

வில்லாபுரம் வேலு:

அப்போ ஜிகர்தண்டா?

செல்லூர்த் தறி:

வேலு, உன்னை யாராவது கேட்டார்களா?

பென்சில் தம்பி, கோபுரம் வேண்டாம் என்று சொன்னது சரி. ஆனால் கோயிலுக்குப் போ. 2018 தீ விபத்துக்குப் பிறகு மீனாட்சி கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். நம்மைப் போல வரைகிற ஆட்களுக்கு இதைவிட நல்ல காரியம் நடந்ததில்லை என்பேன். போன் கையில் இருந்தால் தூணைப் பார்த்ததும் ஒரு போட்டோ, அடுத்த தூணுக்கு ஒரு போட்டோ. வீட்டுக்கு வந்தால் முந்நூறு படம் இருக்கும், ஒன்றைக்கூடத் திறக்க மாட்டோம். போன் இல்லையென்றால் கண்ணால்தான் எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

நான் செய்வது இதுதான். உள்ளே போகும்போதே இன்றைக்கு ஒரே ஒரு விஷயம் என்று முடிவு செய்துகொள்வேன். ஒரு நாள் கைகள் மட்டும். விபூதியைத் தூண் மேடையில் தட்டும் கை, விளக்கில் எண்ணெய் ஊற்றும் கை, பிள்ளையின் பின்னங்கழுத்தைப் பிடித்துக் கும்பிட வைக்கும் கை. இன்னொரு நாள் கல் எங்கே வழவழப்பாக இருக்கிறது என்று மட்டும். எல்லாத் தூணும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஆட்கள் சாய்ந்து உட்காரும் உயரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்திருக்கும், அதற்கு மேலே கல் வெளிறிக் கிடக்கும். வெளியே வந்து சித்திரை வீதியில் எங்காவது உட்கார்ந்து, சின்ன நோட்டில் பென்சிலால் ஞாபகத்தில் இருப்பதை வரைவேன். பாதி மறந்திருக்கும். மறக்காமல் இருக்கிறதே மீதி, அதுதான் படம். டேப்லெட் எல்லாம் அப்புறம்.

ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் என்பார்கள். அத்தனையையும் வரையவா முடியும்? ஒரு தூணின் அடியில் உட்கார்ந்திருக்கும் ஆளை வரை.

நாகமலைக் காற்று:

செல்லூர் அண்ணன் சொல்வதில் பாதிதான் எனக்கு ஒப்புதல். நேரில் போய்ப் பார், போனைத் தூக்கிப் போடு என்பது கேட்க நன்றாக இருக்கும். எட்டு மணி வரை ஆபீசில் இருக்கிறவன் எப்போது கோயிலுக்குப் போய்த் தூணைப் பார்ப்பது? எனக்கு, படங்களைத் தேடிப் பார்க்கும் பின்டரெஸ்ட் தளம்தான் வழி. அடுத்தவர் படத்தைப் பார்த்து வரைவதில் கேவலம் ஒன்றும் இல்லை, எல்லோரும் அப்படித்தான் கற்றார்கள். கோவில்பட்டி கொண்டைய ராஜு நாடகத் திரைகள் எழுதி அங்கிருந்து காலண்டருக்கு வந்தவர். அவரிடம் கற்றவர்கள் அவர் பாணியைப் பார்த்துப் பார்த்துத்தான் வரைந்தார்கள். சிவகாசியில் அச்சாகி வீட்டுக்கு வீடு தொங்கிய முருகனும் லட்சுமியும் அப்படி வந்தவைதான்.

பிரச்சினை பார்ப்பதில் இல்லை. என்னத்தைப் பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது. பின்டரெஸ்டில் 'ஃபேன்டஸி கேர்ள்' என்று தேடினால் பென்சில் சொன்ன நிலாப் பெண்தான் வருவாள். பழைய காலண்டர் படம், தீப்பெட்டி லேபிள், 1960-களின் சினிமா நோட்டீஸ் என்று தேடிப் பாருங்கள். ரோஸ் மெதுவாக மஞ்சளில் கரையும் வானம், சாமி முகத்தைச் சுற்றி ஒளிவட்டம், காலடியில் தாமரை. கிராடியன்ட்டை அவ்வளவு துணிச்சலாக இன்று யாரும் போடுவதில்லை. அந்த வண்ணங்களை மட்டும் எடுத்து உங்கள் தெரு டீக்கடையை வரைந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

கட்டிங் மாஸ்டர்:

நான் ஃப்ளெக்ஸ் டிசைனர். இந்த ஊரில் காதணி விழா, வசந்த விழா, கண்ணீர் அஞ்சலி, தலைவர் பிறந்தநாள் எதுவாக இருந்தாலும் எங்கள் மாதிரி ஆட்கள் கையைத் தாண்டித்தான் தெருவுக்கு வரும். பகல் முழுக்க போட்டோஷாப்பில் தலை கட்டிங் எடுப்பதுதான் வேலை. ஒரு ஃப்ளெக்ஸில் நாற்பது தலை இருக்கும். தாய்மாமா தலை பெரிதாக இருக்க வேண்டும், சித்தப்பா தலை அதைவிடச் சின்னதாக, ஆனால் சித்தப்பாவுக்குக் கோபம் வராத அளவுக்குச் சின்னதாக.

வீட்டுக்குப் போய் கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் வரைகிறேன். எதை வரைகிறேன் தெரியுமா? பகலில் வெட்டி எறிந்ததை. கட்டிங் எடுக்கும்போது பின்னணியைத் தூக்கிப் போட்டுவிடுவோம் இல்லையா, அந்தப் பின்னணியில்தான் ஆள் இருக்கிறார். வாட்ஸாப்பில் அனுப்பிய போட்டோவில் அப்பத்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பின்னால் பச்சைச் சுவர், கரண்ட் மீட்டர், மீட்டருக்கு மேலே செருகிய கல்யாணப் பத்திரிகை, ஆணியில் ஒரு மஞ்சப்பை. கஸ்டமருக்குத் தலை மட்டும் போதும். எனக்கு அந்த மஞ்சப்பை வேண்டும். தலையை எடுத்துவிட்டுச் சுவரை மட்டும் ஞாபகத்தில் வைத்து வரைந்த படங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. யாருடைய முகமும் அதில் இருக்காது. ஆனால் யாருடைய வீடு என்று பார்த்தால் ஒரு மாதிரி தெரிந்துவிடும்.

பென்சில், நீங்கள் கணக்கு எழுதுகிற ஆள் என்றால் உங்கள் கைக்கு வரும் பில், வவுச்சர், பேரேடு, சிட்டை இதிலெல்லாம் ஒன்றும் இல்லையா? ஒரு பில்லின் பின்பக்கத்தில் யாரோ பால் பாக்கி எழுதி வைத்திருப்பார்கள். அங்கே ஆரம்பிக்கிறது கதை.

பேரையூர்ப் பென்சில்:

மாஸ்டர், அந்தப் பால் பாக்கி விஷயத்தைப் படித்துவிட்டு இன்றைக்கு மத்தியானம் ஒரு கட்டு ரசீதைப் புரட்டிப் பார்த்தேன். பால் பாக்கி இல்லை. ஆனால் ஒரு உரக்கடை ரசீதின் பின்னால் ஐந்தாறு பெயர்கள் எழுதி, ஒன்றை மட்டும் அழுத்தி அடித்திருந்தார்கள். மொய்ப் பட்டியலா, கூலி ஆட்கள் பட்டியலா தெரியவில்லை. அடிபட்ட பெயரைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

திருநகர் டீச்சர்:

பென்சில், அந்த அடித்த பெயரை விடாதீர்கள். யார் என்று விசாரிக்கவும் வேண்டாம், விசாரித்தால் கதை போய்விடும்.

நான் படம் வரைகிறவள் இல்லை, எழுதுகிறவள். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கதைக்கரு கிடைப்பது பெரும்பாலும் தெரிந்த கதையின் ஓரத்தில் நிற்கும் ஆட்களிடம் இருந்துதான். பிட்டுக்கு மண் சுமந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். வைகையில் வெள்ளம், வீட்டுக்கு ஒரு ஆள் கரையடைக்க வர வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு, வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை, சிவன் கூலியாளாக வந்து உதிர்ந்த பிட்டைத் தின்றுவிட்டுத் தூங்குகிறார், பிரம்படி விழுகிறது. அந்த அடி ஊரில் எல்லோர் முதுகிலும் விழுந்தது. ஆவணியில் இன்றைக்கும் புட்டுத்தோப்பில் விழா நடக்கிறது.

இதில் கதை யாருடையது? சிவனை விடுங்கள், அவருக்கு எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வந்தியின் பங்குக்கு அடுத்த பங்கு யாருடையது? அந்த ஆள் காலையில் இருந்து முதுகொடிய மண் சுமந்து தன் பங்கை அடைத்து முடித்திருக்கிறான். பக்கத்துப் பங்கில் ஒருவன் படுத்துக் கிடக்கிறான், அந்த உடைப்பு வழியாகத் தண்ணீர் இவன் பங்கையும் அரிக்கிறது. போய்க் காவலாளியிடம் சொன்னதே இவனாகக்கூட இருக்கலாம். பிரம்பு அங்கே விழுகிறது, இவன் முதுகு எரிகிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்லியிருப்பான்? இந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு நான் நெடுநாள் அலைந்திருக்கிறேன். 64 திருவிளையாடலிலும் இப்படி ஓரத்தில் ஒருவராவது நிற்கிறார்.

இன்னொன்று கீழடி. அருங்காட்சியகம் 2023-இல் திறந்தார்கள். மதுரையில் இருந்து பஸ்ஸில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். எல்லோரும் எவ்வளவு பழமை என்று பேசிக்கொண்டு போவார்கள். நீங்கள் பானை ஓடுகளுக்கு முன்னால் நில்லுங்கள். அங்கே கிடைத்த ஓடுகளில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் 'ஆதன்' என்றும் 'குவிரன் ஆதன்' என்றும் பெயர்கள் கீறியிருக்கின்றன. அரசன் பெயர் இல்லை, யாரோ ஒரு ஆதன். நம் வீட்டில் எவர்சில்வர் அண்டா வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள் இல்லையா, கல்யாணப் பந்திக்கு இரவல் போன அண்டா திரும்பி வர வேண்டுமே என்று. ஆதனுக்கும் அப்படி ஒரு பயம் இருந்திருக்குமோ? இரவல் வாங்கித் திருப்பித் தராத பக்கத்து வீட்டுக்காரன் பெயர் என்ன? எனக்கு வரலாறு ஒரு வரி கொடுத்தால் போதும், மீதி வம்பை நானே பார்த்துக்கொள்வேன்.

நாகமலைக் காற்று:

டீச்சர், அந்தப் பக்கத்துப் பங்குக்காரன் கதையை எங்காவது போட்டிருக்கிறீர்களா?

திருநகர் டீச்சர்:

இல்லை, முடியவில்லை. மனைவி பதில் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

ஏஐ ரசிகன்:

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? ஏஐயிடம் 'மதுரையில் வரைவதற்கு நூறு ஐடியா கொடு' என்றால் ஒரு நிமிடத்தில் வருகிறது. படத்தையும் அதுவே போட்டுத் தந்துவிடும்.

கட்டிங் மாஸ்டர்:

ப்ரோ, நூறு ஐடியா வரும். முதல் ஐந்து கோபுரம், ஜல்லிக்கட்டு, மல்லிகை, வைகை, ஜிகர்தண்டா. வேலுவுக்குப் போட்டி. வேலை நேரத்தில் நானும் பின்னணி நிரப்ப ஏஐயைப் பயன்படுத்துகிறேன், கஸ்டமருக்கு அவசரம். ராத்திரி வரைவது எனக்காக. அதையும் அதனிடமே கொடுத்துவிட்டு நான் என்ன, டிவி பார்க்கவா?

நெறியாளர்:

ஏஐ சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போகலாம். இங்கே தொடர்ந்தால் நீக்கிவிடுவேன்.

புள்ளி வைத்தவள்:

இந்த இழையில் எல்லோரும் கதை, முகம், தூண் என்றே பேசுகிறீர்கள். எனக்கு வடிவங்கள்தான் உயிர். சுங்குடியில் இருந்து தொடங்கினேன். மதுரைச் சுங்குடிக்கு 2005-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் துணியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி எடுத்து அவிழ்ப்பார்கள். முடிச்சு இருந்த இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி நிற்கும். பழைய கைமுடிச்சுச் சேலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு புள்ளி வட்டமாக இருக்காது. கொஞ்சம் சதுரம், நடுவில் சாயம் ஒரு பொட்டு, ஓரம் கலங்கியிருக்கும். அச்சில் போட்ட சேலையில் எல்லாப் புள்ளியும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். அதனால்தான் அது கண்ணில் நிற்பதில்லை.

கிரிட்டாவில் டபிள்யூ விசையை அழுத்தினால் கேன்வாஸ் நாலு பக்கமும் தன்னைத் தானே தொடர ஆரம்பிக்கும். இந்த ஓரத்தில் போட்ட கோடு எதிர் ஓரத்தில் வந்து சேரும். துணி டிசைனுக்கு அதைவிட வசதி இல்லை. ஆனால் புள்ளியை ஒன்று போட்டுக் காப்பி எடுக்காமல், ஒவ்வொன்றாகக் கையால் போடுகிறேன். சோர்வாகத்தான் இருக்கும். ஒரு வரிசை முடியும்போது கை ஒரு தாளத்துக்கு வந்துவிடும், அப்போதுதான் அடுத்து என்ன என்பது தானாகத் தோன்றும். எனக்கு யோசித்து எதுவும் வந்ததில்லை.

அப்புறம், வெளிநாட்டில் அக்டோபர் முழுக்க நாளுக்கு ஒரு மைப்படம் வரையும் சவால் ஒன்று உண்டு. 2009-இல் ஜேக் பார்க்கர் என்ற ஓவியர் ஆரம்பித்தது. நம் பிள்ளைகளும் செய்கிறார்கள், நல்லதுதான். ஆனால் மார்கழியில் என் அம்மா விடியற்காலை எழுந்து நாளுக்கு ஒரு கோலம் போடுவாள். எட்டு மணிக்குள் பால்காரர் சைக்கிள், பள்ளிக்கூட ஆட்டோ எல்லாம் அதன் மேல் போய்விடும். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். நாளைக்கு வேறு. பென்சில், நீங்கள் வரைந்ததை எல்லாம் சேமித்து, இன்ஸ்டாவில் போட்டு, லைக் எண்ணுவதால்தான் கை பயப்படுகிறதோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு மாதம் மட்டும், வரைந்ததை மறுநாள் அழித்துவிடுங்கள்.

நாகமலைக் காற்று:

அழிப்பதா! ஐபிஸ் பெயிண்டில் வரைகிற முறையே வீடியோவாகப் பதிவாகுமே, அதையாவது வைத்துக்கொள்ளட்டும் அக்கா. எனக்கு என் பழைய படங்கள்தான் அடுத்த படத்துக்கு விதை. மூன்று வருடத்துக்கு முந்தைய கிறுக்கலில் இருந்து ஒரு மூலையை எடுத்துப் பெரிதாக்கி வரைவேன்.

புள்ளி வைத்தவள்:

உங்களுக்கு அது சரிப்படுகிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். என் கோலத்தை நான் அழிக்கிறேன்.

உசிலம்பட்டி டு தம்மாம்:

நான் இருப்பது சவுதியில். ஊருக்குப் போவது வருடத்துக்கு ஒரு தடவை. நேரில் பார், கீழடிக்குப் போ என்றால் எனக்கு வழி இல்லை. ஆனால் எழுத்து என்னவோ இங்கே வந்த பிறகுதான் ஆரம்பித்தது. ஊரில் இருந்தபோது ஒரு வரி எழுதவில்லை.

எனக்குத் தொடக்கம் போன்தான். ராத்திரி அம்மாவைக் கூப்பிட்டு 'இன்றைக்கு யார் வந்தார்கள்' என்று கேட்பேன். 'என்ன விசேஷம்' என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று வைத்துவிடுவாள். யார் வந்தார்கள் என்றால் அரை மணி நேரம் ஓடும். கோழிக்காரர், ரேஷன் கார்டுக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தவர், யாருடைய மருமகளோ. நான் வாய்ஸ் டைப்பிங்கில் அம்மா பேச்சு நடையிலேயே திருப்பிச் சொல்லிப் பதிந்துகொள்வேன். எழுத உட்கார்ந்தால் என் நடை ஏறிக்கொள்ளும். சொன்னால் அவள் நடை அப்படியே நிற்கிறது.

படிக்கவும் ஊருக்கு வர வேண்டியதில்லை. மதுரைத் திட்டம் 1998 பொங்கல் அன்று தொடங்கியது. தன்னார்வலர்களே தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக ஏற்றிய தமிழ் நூல்கள் எத்தனையோ அதில் இருக்கின்றன. சங்கப் பாட்டான மதுரைக்காஞ்சியை நான் முதல்முதலாக வாசித்தது அங்கேதான், தம்மாம் கேம்ப் அறையில். 782 அடி, எல்லாம் எனக்குப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பகலில் நாளங்காடி, இருட்டிய பின் அல்லங்காடி, பிறகு ஒவ்வொரு சாமத்திலும் யார் விழித்திருக்கிறார்கள் என்று ஊரை நேரப்படி சொல்லிக்கொண்டே போகிறார் மாங்குடி மருதனார். அதைப் பார்த்து எங்கள் கேம்ப்பை அப்படி எழுதினேன். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவனும் டே ஷிப்ட் போகிறவனும் ஒரே கட்டிலை மாற்றிக்கொள்ளும் நேரம், சமையல்காரர் எழுந்திருக்கும் நேரம். எனக்கு இதுவரை உருப்படியாக வந்தது அது ஒன்றுதான்.

செல்லூர்த் தறி:

தம்மாம் தம்பி, அதைக் கட்டாயம் இங்கே போடு.

நாகமலை, நீ ஆபீஸ் நேரம் பற்றிக் கேட்டாயே. உன் வீட்டுக்குப் பின்னாலேயே சமணர் மலை. கீழக்குயில்குடி ஐயனார் கோயில் பக்கம் ஏறினால் பேச்சிப்பள்ளம், அந்தப் பக்கம் செட்டிப்புடவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் போகலாமே. தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து வெட்டியிருக்கும். உச்சி வெயிலில் போனால் பாறை தட்டையாகத் தெரியும், எழுத்து இருப்பதே தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து விழும் நேரத்தில் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். டிஜிட்டலில் நிழல் போடத் தெரியவில்லை என்று புலம்புகிற பிள்ளைகள் ஒரு டுடோரியலுக்குப் பதில் அங்கே ஒரு மணி நேரம் உட்காரலாம். சூரியன் நகர நகர ஒரே முகம் எத்தனை முகமாகிறது என்று தெரியும்.

நாகமலைக் காற்று:

ஞாயிற்றுக்கிழமை காலையில் தூங்குவேன் அண்ணே. ஆனால் நிழல் பற்றிச் சொன்னது உண்மை. திரையில் சரிபார்க்க ஒரு வழி: படத்துக்கு மேலே ஒரு லேயர், முழுக்கக் கறுப்பு நிரப்பி, பிளெண்டிங் மோடைக் கலர் என்று மாற்றினால் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். அப்போதும் ஆள் தனியாக, சுவர் தனியாகத் தெரிந்தால் வெளிச்சம் சரியாக இருக்கிறது. எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வண்ணத்தை மாற்றிப் பிரயோசனம் இல்லை.

பேரையூர்ப் பென்சில்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரமாக இன்ஸ்டா ஆப்பை போனில் இருந்து எடுத்துவிட்டு பஸ்ஸில் சும்மா உட்கார்ந்து வருகிறேன். முதல் இரண்டு நாள் தூங்கிவிட்டேன், அது வேறு விஷயம். மூன்றாம் நாள் முன் சீட்டில் ஒரு பாட்டி, மடியில் ஒரு சேவல், அதன் தலையை முந்தானையால் மூடியிருந்தார். கண்டக்டர் சேவலுக்கும் டிக்கெட் கேட்டார். பாட்டி 'அது தூங்குது, எழுப்பாத' என்றார். வரைந்துவிட்டேன். சேவல் சரியாக வரவில்லை, ஆனால் முந்தானை வந்திருக்கிறது.

இப்போது ஒரு சந்தேகம். பாட்டி முகத்தை அப்படியே வரைந்து பொதுவில் போடலாமா? அந்த ரசீதில் இருக்கும் பெயர்களைக் கதையில் பயன்படுத்தலாமா? கோயில் சிற்பம், பழைய காலண்டர் படம் இதெல்லாம் வரைந்து போட்டால் சட்டப்படி ஏதும் பிரச்சினை வருமா?

தல்லாகுளம் வக்கீல்:

சட்டத்தை மட்டும் நான் சொல்கிறேன். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52. பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பத்தையோ கட்டடத்தையோ பார்த்து வரைவது உரிமை மீறல் ஆகாது. புது மண்டபத்து யாளிக்கு எப்படியும் பதிப்புரிமை கிடையாது, திருமலை நாயக்கர் வந்து கேட்கப் போவதில்லை.

காலண்டர் படம் வேறு. இந்தியாவில் ஓவியருடைய ஆயுள், அதற்கு மேல் 60 ஆண்டு. கொண்டைய ராஜு 1976-இல் காலமானார், ஆகவே அவர் படைப்புகளுக்கு 2036 முடியும்வரை உரிமை உண்டு. பார்த்துப் பயிற்சி செய்யலாம், அப்படியே வரைந்து விற்கக் கூடாது. நாகமலை சொன்னது போல வண்ண முறையை எடுத்து வேறு விஷயத்தை வரைவதில் சிக்கல் இல்லை, பாணிக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது.

ரசீதுப் பெயர்களைத் தொடாதீர்கள். அது உங்கள் அலுவலகக் காகிதம். பெயரை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள், உரக்கடையைக்கூட வேறு கடை ஆக்குங்கள்.

திருநகர் டீச்சர்:

உரக்கடையை மாற்ற வேண்டாம் வக்கீல் சார், அதில்தான் வாசனை இருக்கிறது. பெயரும் ஊரும் மாறினால் போதும்.

பாட்டி விஷயத்தில் என் வழக்கம்: அந்த ஆள் இதைப் படித்தால் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கலாம், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கண்டுபிடிக்கக் கூடாது. அந்த அளவுக்கு மாற்றிவிடுவேன். என் மாமியாரை வைத்து நான் எழுதிய கதையில் அவர் ஒரு ஆண், ரயில்வேயில் வேலை. இன்றுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. (தெரிந்துவிட்டது என்றால் இந்த இழையில் யாரோ எங்கள் உறவினர்.)

கட்டிங் மாஸ்டர்:

படத்துக்கும் அதேதான். முந்தானை நன்றாக வந்திருக்கிறது என்கிறீர்கள், அப்புறம் முகம் எதற்கு? பின்பக்கத்தில் இருந்து வரையுங்கள். நீங்கள் பின் சீட்டில்தானே இருந்தீர்கள்.

பேரையூர்ப் பென்சில்:

ஆமாம் மாஸ்டர், உண்மையில் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. முகம் இன்ஸ்டாவில் இருந்து வந்துவிட்டது போல. அழித்துவிட்டேன். இப்போது கொண்டையும் தண்டட்டி போட்டு இழுத்த காதும்தான் இருக்கிறது. படம் பழையதைவிட நன்றாக இருக்கிறது.

கதையும் ஆரம்பித்திருக்கிறேன். அடிபட்ட பெயர்க்காரன் கல்யாணத்துக்கு வராதவன் இல்லை, வந்து மொய் வைக்காமல் போனவன். ஏன் வைக்கவில்லை என்பதுதான் தெரியவில்லை, எழுதினால் தெரியும் என்று நினைக்கிறேன்.

வில்லாபுரம் வேலு:

பந்தியில் அவனுக்கு அப்பளம் வைக்கவில்லை.

திருநகர் டீச்சர்:

வேலு, சிரிப்புக்குச் சொன்னீர்களோ என்னவோ, அது நல்ல காரணம். மதுரைப் பக்கம் அதற்குக் குறைவான காரணத்துக்கெல்லாம் பேச்சு நின்று போயிருக்கிறது. பென்சில், குறித்துக்கொள்ளுங்கள்.

பேரையூர்ப் பென்சில்:

குறித்துக்கொண்டேன். வேலு அண்ணே, கதை வந்தால் உங்களுக்குத்தான் முதலில்.

மாஸ்டர், ஒரு கடைசிக் கேள்வி. பாட்டி படத்தை ஏ3 அளவில் பிரின்ட் போட்டு வீட்டில் மாட்டலாம் என்று அம்மா சொல்கிறார். ஃபைல் எந்த அளவில் இருக்க வேண்டும்? நான் வரைந்தது போன் ஸ்கிரீன் அளவில்.

கட்டிங் மாஸ்டர்:

ஏ3 என்றால் 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 3508 க்கு 4961 பிக்சல். போன் ஸ்கிரீன் அளவில் வரைந்ததை இழுத்துப் பெரிதாக்கினால் கோடெல்லாம் பிசிறடிக்கும். ரோட்டில் தொங்கும் ஃப்ளெக்ஸ் என்றால் 72 கூடப் போதும், தூரத்தில் இருந்து பார்ப்பார்கள். வீட்டுச் சுவர் அப்படி இல்லை, பக்கத்தில் வந்து பார்ப்பார்கள். பெரிய கேன்வாஸ் திறந்து, பழையதை மங்கலாக அடியில் ஒரு லேயரில் வைத்து மேலே புதிதாக வரைந்துவிடுங்கள். சேவலையும் அப்போது சரி பண்ணிக்கொள்ளலாம். இன்னொன்று, ஸ்கிரீனில் பளீரென்று தெரியும் பச்சையும் நீலமும் அச்சில் ஒரு படி மங்கும். முந்தானை என்ன கலர்?

பேரையூர்ப் பென்சில்:

கிளிப்பச்சை.

கட்டிங் மாஸ்டர்:

கஷ்டம். முதலில் ஏ4-இல் ஒரு டெஸ்ட் பிரின்ட் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.